திருச்சிக் கணக்கு

உயிர்க் கணக்கு: தொடர் 11

மலேசியாவில் எங்கள் சுங்கை பாக்காப்பைச் சுற்றி இன்று எங்கே பார்த்தாலும் செம்பனை. எனக்கு விவரம் தெரிந்த நாளில் பால்மரங்களும் இருந்தன. பள்ளி விடுமுறையில் அப்பாவோடு சின்னத்தோட்டத்து வெட்டுக்குப் போவேன். மங்குப் பாலை வாளியில் ஊற்றி, மிச்சத்தை விரலால் வழிப்பது என் வேலை. கொட்டகைக்கு வந்ததும் அப்பா பாலை வடிகட்டி, தண்ணீர் கலந்து, தகரத் தட்டுகளில் நிரப்புவார். பிறகு ஆசிட். போத்தலிலிருந்து அளந்து விட்டு, பலகைத் துண்டால் ஒரு கலக்கு. மேலே திரண்ட நுரையை வழித்துப் போடுவார். நாங்கள் பசியாறிவிட்டுத் திரும்புவதற்குள் தட்டில் இருந்தது தயிர் மாதிரி இறுகிக் கிடக்கும்.

"ஏம்ப்பா கட்டியாவுது?"

"ஆசிட்டு ஊத்துனா கட்டியாவும். வேற என்ன?"

சரியான பதில்தான். அதற்கு அடியில் இன்னொரு பதில் இருக்கிறது என்று தெரிந்துகொள்ள எனக்கு முப்பது வருஷம் பிடித்தது. ரப்பர் பாலில் மிதக்கும் ஒவ்வொரு துளியையும் கொழுப்பாலான மெல்லிய சவ்வு ஒன்று போர்த்தியிருக்கிறது. அந்தச் சவ்வில் புரதங்கள் பதிந்திருக்கின்றன. அதன் வெளிப்புறம் எதிர்மின்னூட்டம் கொண்டது; அதனால் துளிகள் ஒன்றையொன்று தள்ளிக்கொண்டு தனித்தனியே நிற்கும். அமிலம் விழுந்ததும் மின்னூட்டம் அடங்கிப்போகும், துளிகள் ஒட்டிக்கொள்ளும். ஒட்டுப்பால் மூட்டையை லாரியில் ஏற்றும்போது மூக்கைப் பொத்த வைக்கும் நாற்றம் புரதம் அழுகும் நாற்றம். சவ்வில் இருந்த புரதங்களும் அதில் சேர்த்தி. அவற்றோடு எனக்கு முதல் அறிமுகம் அப்படி மூக்கு வழியாகத்தான் நடந்தது.

போன வாரம் சென்னைக் கிண்டியில் நிறுத்தியிருந்தோம். புரதச் சங்கிலி எந்தெந்தக் கோணங்களில் திரும்பலாம், எங்கே திரும்பினால் அணுக்கள் முட்டிக்கொள்ளும் என்று ஜி.என். இராமச்சந்திரன், சி. இராமகிருஷ்ணன், வி. சசிசேகரன் மூவரும் 1963-இல் ஒரு படம் போட்டார்கள். உலகம் அதை இராமச்சந்திரன் வரைபடம் என்று இன்றும் பாடப்புத்தகத்தில் வைத்திருக்கிறது. அந்தப் பரம்பரையின் ஒரு கிளையைப் பிடித்துக்கொண்டு இந்த வாரம் திருச்சிக்குப் போகிறோம். போவதற்கு முன் சிக்கல் என்ன என்பதைச் சொல்லிவிட வேண்டும். அது தெரியாமல் போனால் திருச்சிக்காரர்கள் செய்த காரியம் சின்னதாகத் தெரியும்.

புரதம் என்பது இருபது வகை மணிகளைக் கோத்த மாலை. அந்த மணிகள்தான் அமினோ அமிலங்கள். சில மணிகளுக்குத் தண்ணீர் பிடிக்கும், சிலவற்றுக்கு ஆகாது. செல்லுக்குள் இருப்பது பெரும்பாலும் தண்ணீர். ஆகவே சாதாரணப் புரதம், தண்ணீர் ஆகாத மணிகளை உள்ளே சுருட்டிவைத்து, மற்றவற்றை வெளியே காட்டி உருண்டுகொள்ளும். செல்லைப் போர்த்தியிருக்கும் கொழுப்புச் சவ்வில் குடியிருக்கும் புரதத்தின் நிலைமை வேறு. அதைச் சுற்றி எண்ணெய். வெளியே எது, உள்ளே எது என்ற ஒழுங்கே அங்கே மாறிவிடுகிறது.

அந்த எண்ணெய்ப் பகுதியின் கனம் சுமார் 3 நானோமீட்டர். மாலை சுருள்வில் போலச் சுருண்டு அதைக் கடக்கிறது என்று வையுங்கள். சுருளில் ஒரு மணிக்கு 0.15 நானோமீட்டர் உயரம். 3-ஐ 0.15-ஆல் வகுத்தால் 20. ஆக, சவ்வைத் துளைத்துப் போகும் சுருளுக்குக் கிட்டத்தட்ட இருபது மணிகள் வேண்டும்; அவற்றில் பெரும்பாலானவை தண்ணீரை வெறுப்பவையாக இருக்க வேண்டும். ஐந்தாம் வகுப்பு வகுத்தல் கணக்கு. இந்த அத்தியாயம் முழுக்க இந்த இருபதின் மேல்தான் ஓடுகிறது.

சோதனைச்சாலையில் நேரே பார்த்துவிட்டால் கணக்கு எதற்கு என்று கேட்கலாம். பார்க்க முடியவில்லை என்பதே காரணம். சவ்விலிருந்து பிரித்தெடுத்தால் இந்தப் புரதங்கள் தண்ணீரில் நிற்காது. ஆசிட் விட்ட பால் மாதிரி ஒன்றோடொன்று அப்பிக்கொள்ளும். சோப்புப் போன்ற பொருளில் கரைத்து, படிகமாக்கி, எக்ஸ்ரே பிடிப்பதற்குள் பலருடைய ஆய்வுக் காலமே முடிந்துபோனது. ஒரு சவ்வுப் புரதத்தின் அணு அளவிலான உருவம் முதன்முதலாகத் தெரிந்தது 1985-இல்தான். அதற்காக டைசன்ஹோஃபர், ஹூபர், மிஷெல் மூவருக்கும் 1988-இல் நோபல் பரிசு கிடைத்தது. ஆனால் மணிகளின் வரிசையை மட்டும் படிப்பது வருஷத்துக்கு வருஷம் மலிவாகிக்கொண்டே வந்தது. வரிசை கையில் இருக்கிறது, உருவம் இல்லை. வரிசையைப் பார்த்தே 'இது சவ்வுக்காரன்' என்று சொல்ல முடியுமா?

உப்பளத்திலிருந்து ஒரு துப்பு வந்தது. தூத்துக்குடிப் பக்கம் பாத்தி சிவந்து கிடப்பதைப் பார்த்தவர்கள், உப்பில் மட்டுமே வாழும் நுண்ணுயிர்களைத் தெரியாமலே பார்த்தவர்கள். அப்படிப்பட்ட ஒரு நுண்ணுயிரின் ஊதா நிறச் சவ்வில் பாக்டீரியோரோடாப்சின் என்ற புரதம் இருப்பதை 1971-இல் ஓஸ்டர்ஹெல்ட்டும் ஸ்டோகேனியஸும் கண்டார்கள். 1975-இல் ஹென்டர்சனும் அன்வினும் எலக்ட்ரான் நுண்ணோக்கியால் அதைப் பார்த்தபோது, சவ்வுக்குக் குறுக்கே ஏழு சுருள்கள் தூண் மாதிரி நின்றன. அதன் 248 மணிகளின் வரிசையை 1979-இல் ஹர்கோவிந்த் குரானாவின் குழு வெளியிட்டது. மாஸ்கோவில் ஓவ்சின்னிகோவின் குழுவும் அதே சமயத்தில் படித்து முடித்திருந்தது. (ஓஸ்டர்ஹெல்ட் பெயரை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். பினாங்குக்கு வரும்போது தேவைப்படும்.)

இப்போது திருச்சி.

பி.கே. பொன்னுசாமி சென்னையில் சசிசேகரனோடு ஆய்வு செய்தவர். அமெரிக்காவில் ஷெராகாவின் குழுவோடு அவர் எழுதிய கட்டுரை 1973-இல் வந்தது. பிறகு திருச்சியில் சென்னைப் பல்கலைக்கழகத்தின் தன்னாட்சி முதுகலை மையத்து இயற்பியல் துறையில் உட்கார்ந்து புரதங்களை எண்ணத் தொடங்கினார். அந்த மையம்தான் 1982-இல் பாரதிதாசன் பல்கலைக்கழகமாக வளர்ந்தது. பொன்னுசாமி பின்னாளில் சென்னைப் பல்கலைக்கழகத் துணைவேந்தரும் ஆனார். எனக்குத் துணைவேந்தரைவிட அந்த 1970-களின் கணக்காளர்தான் முக்கியம்.

ஒரு மணிக்குத் தண்ணீர் எவ்வளவு ஆகாது என்பதை அதுவரை எப்படி அளந்தார்கள்? தனி அமினோ அமிலத்தைத் தண்ணீரிலும் சாராயம் போன்ற கரைப்பானிலும் கரைத்துப் பார்ப்பார்கள். எதில் எவ்வளவு கரைகிறது என்பதைவைத்து மதிப்பெண். பொன்னுசாமியும் பி. மணவாளனும் வேறு வழி பிடித்தார்கள். உருவம் தெரிந்த புரதங்களை எடுத்து, ஒவ்வொரு மணியையும் நடுவில் வைத்து, 0.8 நானோமீட்டர் ஆரத்தில் ஒரு கோளம் போட்டார்கள். கோளத்துக்குள் யார் யார் அக்கம்பக்கத்தில் இருக்கிறார்கள், அவர்களுடைய நீர்வெறுப்பின் கூட்டுத்தொகை எவ்வளவு என்று எண்ணினார்கள். மாப்பிள்ளையைப் பற்றி மாப்பிள்ளையிடமே கேட்காமல் தெருவில் விசாரிப்பது மாதிரி. கண்ணாடிக் குவளையில் தனியாக மிதக்கும்போது ஒரு மணி எப்படி நடந்துகொள்கிறது என்பதைவிட, புரதத்துக்குள் யாரோடு சேர்ந்து இருக்கிறது என்பது உண்மைக்கு நெருக்கமான சாட்சி.

அந்த வேலை 1978-இல் 'நேச்சர்' இதழில் வந்தது. திருச்சி முகவரியிட்ட இயற்பியல் கட்டுரை. படிகம் வளர்க்கவில்லை, எக்ஸ்ரே கருவி இல்லை. வேறு நாட்டார் பல வருஷம் பாடுபட்டுக் கண்ட உருவங்களின் எண்களை வாங்கி, அவர்கள் கேட்காத கேள்வியைக் கேட்டார்கள். புரத உருவங்களைச் சேர்த்துவைக்கும் பொது வங்கி அமெரிக்காவின் புரூக்ஹேவனில் 1971-இல் ஏழே ஏழு உருவங்களோடு திறந்தது. அப்படிப்பட்ட சின்னக் கையிருப்பை வைத்துக்கொண்டு பொதுவிதி தேடுவதற்குத் துணிச்சல் வேண்டும். ஏழை ஆய்வகத்தின் சாமர்த்தியம் என்று இதைச் சிலர் செல்லமாகச் சொல்வதுண்டு. எனக்கு அந்தப் பேச்சில் உடன்பாடில்லை. பணமிருந்த ஆய்வகங்களுக்கும் அதே எண்கள்தான் கிடைத்தன.

1982-இல் அமெரிக்காவில் கைட், டூலிட்டில் இருவரும் தங்கள் மதிப்பெண் பட்டியலை வெளியிட்டார்கள். ஐசோலூசினுக்கு 4.5. அதன் எதிர்க்கோடியில் அர்ஜினினுக்கு −4.5. மற்றவை இடையில். சவ்வுக்காரனைத் தேடும்போது மாலையின் முதல் 19 மணிகளை எடுத்துச் சராசரி போடு. ஒரு மணி நகர்ந்து, இரண்டிலிருந்து இருபது வரை எடுத்து மறுபடி போடு. இப்படியே கடைசி வரை. வரும் எண்களைக் கோடாக இழுத்தால் மேடும் பள்ளமுமாக ஒரு மலைத்தொடர் வரும். மேடு உயர்ந்த இடங்களில் சங்கிலி சவ்வைத் துளைக்கிறது என்று பொருள். பாக்டீரியோரோடாப்சினுக்குப் போட்டால் ஏழு மேடு தேடலாம். ஒன்றிரண்டு அவ்வளவு தெளிவாக இருக்காது, மின்னூட்டமுள்ள மணிகள் நடுவே புகுந்து மேட்டைச் சரித்துவிடும். ஆனாலும் காகிதமும் பென்சிலும் போதும் என்ற அந்த எளிமை ஆய்வாளர்களைப் பிடித்துக்கொண்டது.

துளைக்கும் இடம் தெரிந்தால் போதாது. எந்த முனை உள்ளே, எந்த முனை வெளியே? ஸ்வீடனின் குன்னர் ஃபான் ஹைனே 1986-இல் ஒரு வழி சொன்னார். துளைக்கும் பகுதிக்கு இருபுறமும் லைசின், அர்ஜினின் எந்தப் பக்கம் கூடுதலாகக் கிடக்கின்றன என்று எண்ணு. கூடிய பக்கம் செல்லின் உட்பக்கம். இதுவும் எண்ணிக்கைதான். இதற்குப் பிறகுதான் சவ்வுப் புரதங்களை வகை பிரிப்பது சூடு பிடித்தது.

வகை என்றால் என்ன என்பதற்கு எங்கள் நாட்டுக்காரன் ஒருவனுக்கு வேறு உதாரணம் தோன்றாது. 1998 கடைசியில் ஈப்போ பக்கம் பன்றிப் பண்ணைகளில் தொடங்கி நெகிரி செம்பிலானுக்குப் பரவிய காய்ச்சல். முதலில் ஜப்பானிய மூளைக்காய்ச்சல் என்று நினைத்துக் கொசுவுக்குப் புகை அடித்தார்கள், தடுப்பூசி போட்டார்கள். நிற்கவில்லை. 1999 மார்ச்சில் மலாயாப் பல்கலைக்கழகத்தில் சுவா காவ் பிங் அது புதிய வைரஸ் என்று கண்டார். சுங்கை நிப்பா கிராமத்தின் பெயர் அதற்கு வந்தது. மலேசியாவில் 265 பேருக்குக் கண்டு, 105 பேர் போனார்கள். பத்து லட்சத்துக்கும் மேற்பட்ட பன்றிகள் கொல்லப்பட்டன. எங்கள் வட்டாரத்திலும் பன்றிப் பண்ணைகள் உண்டு. அந்த மாதங்களில் காற்று பண்ணைப் பக்கமிருந்து திரும்பினால் அம்மா ஜன்னலைச் சாத்திவிடுவார். காற்றில் வராது என்று சொன்னாலும் கேட்கமாட்டார்.

நிப்பாவின் உறையில் இரண்டு புரதங்கள் துருத்திக்கொண்டிருக்கின்றன. ஜி என்பது நம் செல்லைப் பிடிக்கும் கை. எஃப் என்பது வைரஸின் உறையை நம் செல்லின் சவ்வோடு இணைத்து ஒன்றாக்கும் கருவி. இரண்டும் சவ்வை ஒரே ஒரு முறைதான் துளைக்கின்றன. ஆனால் ஜி-யின் நீர்வெறுப்புப் பட்டை மாலையின் தலைப்பக்கம் இருக்கிறது. தலை உள்ளே மாட்டி, வால் வெளியே நீள்கிறது. எஃப்-இல் பட்டை வால்பக்கம். தலை வெளியே, வால் உள்ளே. எஃப் முதல் வகை, ஜி இரண்டாம் வகை. இந்த வித்தியாசம் வெறும் வரிசையிலேயே தெரிந்துவிடும். 2000-க்குள் வரிசை கைக்கு வந்தபோது, உருவத்தை யாரும் பார்க்காத நிலையிலும், எந்தப் பகுதி வெளியே நின்று நோய் எதிர்ப்பு அணுக்களுக்கு முகம் காட்டும் என்று சொல்ல முடிந்தது. தடுப்பூசி தேடுகிறவருக்கு அது பெரிய உதவி.

இப்படி ஒவ்வொன்றாகப் பார்க்காமல் ஆயிரக்கணக்கில் பிரிக்க 1999-இல் சூவும் எல்ராடும் முயன்றார்கள். ஐந்து பெட்டிகள்: முதல் வகை, இரண்டாம் வகை, பலமுறை துளைப்பவை, கொழுப்பு வாலால் சவ்வில் கட்டப்பட்டவை, ஜிபிஐ என்ற சர்க்கரைக்கொழுப்புக் கொக்கியில் தொங்குபவை. துளையையே அவர்கள் தேடவில்லை. மாலையில் இருபது மணிகளும் எந்த விகிதத்தில் இருக்கின்றன என்பதை மட்டும் வைத்துப் பெட்டியைச் சொல்லப் பார்த்தார்கள். சாப்பாட்டில் உப்பு, புளி, காரத்தின் அளவை மட்டும் சொன்னால் அது ரசமா குழம்பா என்று சொல்வது போல. ஆச்சரியமாக, பெரும்பாலும் சரியாக வந்தது.

அவர்களுடைய மொத்தக் கையிருப்பு 2,059 புரதங்கள். அதில் பலமுறை துளைப்பவை மட்டும் 1,311. கொழுப்பு வால்காரர்கள் 51 பேர். கண்ணை மூடிக்கொண்டு எல்லாவற்றையும் 'பலமுறை' என்று சொல்கிறவனுக்கே 64 விழுக்காடு கிடைத்துவிடும். அடுத்த பத்து வருஷத்தில் இதே 2,059-ஐ எடுத்துக்கொண்டு, நான் ஒரு விழுக்காடு கூட்டினேன், நான் இரண்டு கூட்டினேன் என்று கட்டுரைகள் குவிந்தன. தேர்தல் முடிவு மாதிரி விழுக்காடுகள். அந்த 51 பேரை எத்தனை பேர் சரியாகக் கண்டார்கள் என்பதே நான் முதலில் தேடும் எண்.

சுருள் கதை இப்படி வேகமாக ஓடிக்கொண்டிருந்தபோது, இந்த இருபது என்ற எண்ணுக்கு அடங்காத ஒரு கூட்டம் ஓரமாக நின்றது. பாக்டீரியாக்களில் ஒரு பிரிவுக்கு இரண்டு சவ்வு உண்டு. வெளிச்சவ்வில் உள்ள புரதங்கள் சுருளாகத் துளைப்பதில்லை. நாடாக்களைப் பக்கம் பக்கமாக வைத்து வளைத்து, பீப்பாய் மாதிரி நிற்கின்றன. 1991-இல் ஜெர்மனியில் ஷுல்ஸின் குழு காட்டிய போரின் என்ற புரதத்தில் 16 நாடாக்கள். நடுவே துளை, அதன் வழியே தண்ணீரும் சிறு மூலக்கூறுகளும் போய்வரும். சில மருந்துகளும் அப்படித்தான் பாக்டீரியாவுக்குள் நுழைகின்றன.

பீப்பாயில் சிக்கல் எங்கே? நாடாவில் ஒரு மணி வெளியே எண்ணெயைப் பார்க்கும், அடுத்த மணி உள்ளே தண்ணீரைப் பார்க்கும். வெறுப்பு, விருப்பு, வெறுப்பு, விருப்பு என்று மாறி மாறி வரும். 19 மணிக்குச் சராசரி போட்டால் ஒன்றை ஒன்று அடித்துக்கொண்டு மேடே எழாது. நாடா நீண்டு நிற்பதால் சவ்வைக் கடக்க இருபது மணியும் தேவையில்லை, பத்துப் பன்னிரண்டு போதும். கைட், டூலிட்டிலின் வலையில் சுருள்கள் மாட்டின. பீப்பாய்கள் கண்ணி வழியே நழுவிப் போயின.

இங்கே மறுபடியும் திருச்சி. எம். மைக்கேல் குரோமிஹா பாரதிதாசன் பல்கலைக்கழகத்தில் பொன்னுசாமியிடம் ஆய்வு செய்த இயற்பியல் மாணவர். ஆசிரியரும் மாணவரும் 1993-இல் எழுதிய நீண்ட கட்டுரை, நீர்வெறுப்பு இயல்புகளைக்கொண்டு சவ்வைத் துளைக்கும் சுருள்களைக் கணிப்பது பற்றியது. 1997-இல் மஜும்தாரும் சேர்ந்து மூவருமாக பாக்டீரியா போரின்களின் நாடாக்களை வரிசையிலிருந்து அடையாளம் காணும் வேலையை வெளியிட்டார்கள். பீப்பாய் உருவங்கள் விரல்விட்டு எண்ணும் அளவில் இருந்த காலம் அது. கணக்குக்குத் தீனியே இல்லாதபோது கணக்குப் போடுவது இந்தப் பள்ளியின் பழக்கம் போலும்.

குரோமிஹா இத்தாலியின் திரியெஸ்தெ, பிறகு ஜப்பான் என்று போனார். டோக்கியோவில் மகிகோ சுவாவோடு 2005-இல் வெளியிட்ட கட்டுரை எனக்குப் பிடித்தமானது. கேள்வி: வரிசையை மட்டும் கொடுத்தால், இது வெளிச்சவ்வுப் பீப்பாயா, இல்லையா? நரம்புவலைக் கணினி முறைகள் பெரிய மோஸ்தராக இருந்த நேரம். அவரும் நாடாக்களைத் தேட அதைப் பயன்படுத்தியிருக்கிறார். இதில் அதைத் தள்ளிவைத்துவிட்டு வெறும் விகிதத்தை எண்ணினார்கள். பீப்பாய்களில் செரின், அஸ்பராஜின், குளூட்டமின் கூடுதல். குளூட்டமிக் அமிலம், ஹிஸ்டிடின், ஐசோலூசின், சிஸ்டீன் குறைவு. ஐசோலூசின், கைட்-டூலிட்டில் பட்டியலில் முதலிடம் பிடித்த நீர்வெறுப்பன், சவ்வில் குடியிருக்கும் புரதத்தில் குறைந்து நிற்கிறது! பீப்பாய்கள் ஏன் அவ்வளவு நாள் கண்ணில் படவில்லை என்பது இந்த ஒரு வரியில் புரிந்துபோகும். அந்த எளிய எண்ணிக்கை பீப்பாய்களை 89 விழுக்காடு சரியாகப் பிடித்தது. சாதாரண உருண்டைப் புரதங்களை 79 விழுக்காடும், சுருள்காரர்களை 80 விழுக்காடும் சரியாகத் தள்ளியது. ஐந்தில் ஒன்று தவறு. அதைக் கட்டுரையிலேயே வெளிப்படையாகப் போட்டிருக்கிறார்கள். 2010 முதல் குரோமிஹா சென்னை ஐஐடியில் இருக்கிறார்.

எங்கள் பக்கத்திலும் வெளிச்சவ்வுப் புரதத்துக்கு ஒரு கதை உண்டு. பினாங்கில் 1969-இல் தொடங்கிய அறிவியல் பல்கலைக்கழகத்தின் கிளந்தான் மருத்துவ வளாகத்தில் அஸ்மா இஸ்மாயிலும் குழுவினரும் டைஃபாய்டு கிருமியின் வெளிச்சவ்விலிருந்து 50 கிலோடால்டன் எடையுள்ள ஒரு புரதத்தைப் பிடித்தார்கள். நோயாளியின் ரத்தத்தில் அந்தப் புரதத்துக்கு எதிரான எதிர்ப்புப் பொருள் இருக்கிறதா என்று பார்க்கும் டைஃபிடாட் சோதனை 1990-களில் விற்பனைக்கு வந்தது. 1896-இல் பிறந்த விடால் சோதனையோடு அதுவரை காலம் தள்ளிக்கொண்டிருந்தார்கள். கணினி இதில் கை வைக்கவே இல்லை. எல்லாம் ஆய்வக மேஜையில் நடந்தது. ஆனால் கிருமியின் முழு மரபணுத் தொகுதியும் கையில் இருக்கும் இந்தக் காலத்தில், அடுத்த டைஃபிடாட்டுக்கு எந்தப் புரதத்தை எடுப்பது என்று தேடுகிறவர் முதலில் செய்வது இதே பீப்பாய்ச் சல்லடை வேலைதான். ஆயிரக்கணக்கான வரிசைகளைச் சலித்துச் சில டஜனாக்கிக்கொண்டு அப்புறம்தான் மேஜைக்குப் போவார்.

2024 நோபலில் பாதியை, வரிசையிலிருந்து உருவத்தைக் கணிக்கும் ஆல்ஃபாஃபோல்டு என்ற கணினி முறைக்காக ஹசாபிஸும் ஜம்பரும் பெற்ற பிறகு, இனி இந்த எண்ணிக்கையெல்லாம் எதற்கு என்று ஒரு இளைஞர் என்னிடம் கேட்டார். நியாயமான கேள்வி. உருவத்தை அது போட்டுக் கொடுக்கிறது. சவ்வு எங்கே என்பதை அது வரைந்து தருவதில்லை. வெற்றிடத்தில் நிற்கும் தூண்களைப் பார்த்து, எண்ணெய் எந்த உயரத்தில் தொடங்கி எங்கே முடிகிறது என்று தனியாகக் கணக்கிட வேண்டியிருக்கிறது. அந்தக் கணக்கில் மறுபடி நீர்வெறுப்புத்தான் வந்து நிற்கிறது.

ரப்பருக்கு வருகிறேன். ரப்பர் மரத்தின் மரபணு வரைவைப் அதே பினாங்கு அறிவியல் பல்கலைக்கழகத்தின் பாயான் லெப்பாஸ் வேதி உயிரியல் மையம் 2009-இல் அறிவித்தது. வழிநடத்தியவர் வங்காளதேசத்தில் பிறந்த மக்சூதுல் ஆலம். ஓஸ்டர்ஹெல்டை நினைவில் வைக்கச் சொன்னேன் அல்லவா? ஜெர்மனியில் ஆலம் இளம் ஆய்வாளராக வேலை பார்த்தது அவரிடம்தான், அதே உப்பு நுண்ணுயிர்களில். விரிவான கட்டுரை 2013-இல் வந்தது. எடுத்துக்கொண்ட மரம் ஆர்.ஆர்.ஐ.எம். 600. இந்தப் பெயரை எந்தத் தோட்டத்துப் பெரியவரிடம் சொன்னாலும் முகம் மலரும். அப்பாவும் வெட்டிய மரம். கணினி அதில் 68,955 மரபணுக்களைக் கணித்தது. இவ்வளவையும் ஆய்வக மேஜையில் வைத்துப் பார்ப்பது நடக்கிற காரியமில்லை.

அவற்றில் ஒன்று ஆர்.இ.எஃப். என்ற சின்னப் புரதம். தட்டில் அப்பா ஆசிட் விட்டுக் கலக்கிய பாலில், துளிகளின் போர்வையில் ஏராளமாகப் பதிந்திருந்தது இதுதான். கூடவே இதன் உறவுக்காரன் எஸ்.ஆர்.பி.பி. பின்னது சவ்வின் மேற்பரப்பில் படர்ந்து கிடக்கிறது. முன்னது கொழுப்புக்குள்ளேயே நுழைந்து உட்காருகிறது. சரி, ஐந்து பெட்டிகளில் எதில் போடுவது? செல்லின் சவ்வு இரண்டு அடுக்கு. இந்தப் பக்கமும் தண்ணீர், அந்தப் பக்கமும் தண்ணீர். ரப்பர் துளியின் சவ்வு ஒற்றை அடுக்கு. உள்ளே தண்ணீரே இல்லை, ரப்பர்தான். தலை வெளியே, வால் உள்ளே என்று பிரிப்பதற்கு அங்கே மறுபக்கம் என்று ஒன்று கிடையாது. முதல் வகையுமில்லை, இரண்டாம் வகையுமில்லை. துளைத்து வெளியே வர அதற்கு இடமே இல்லை.

அடுத்த வாரம் ஸ்டாக்ஹோம். ஃபான் ஹைனே லைசின்களை எண்ணிய கதையை அவசரத்தில் இரண்டு வரியில் முடித்துவிட்டேன். அது அவ்வளவு சின்னதில்லை.

(தொடரும்)